ஹைபிரிட் காரில் பிறேக் ஒயில் பார்ப்பதும் பிறேக் கோளாறு கண்டுபிடிப்பதும்: வன்னி வீதிகளில் ஓடும் கார்களுக்கான முழுமையான வழிகாட்டி

சாதாரணக் காரில் பிறேக் ஒயில் மட்டம் இறங்கியிருந்தால், பிறேக் பாட் (சில்லோடு சுழலும் டிஸ்க் தட்டைக் கடித்துப் பிடிக்கும் கட்டை) தேய்ந்திருக்கும் என்பதே முதல் ஊகம். எஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரில் அந்த ஊகம் பெரும்பாலும் பிழையாகும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டரே செய்து, அந்தச் சக்தியைப் பெரிய பற்றரிக்கு அனுப்பிவிடுகிறது. பாட் டிஸ்க்கைக் கடிப்பது பெரும்பாலும் கடைசிப் பத்து கிலோமீற்றர் வேகத்திலும் சடுதியாக மிதிக்கும்போதும்தான். ஆகவே பாட் மிக மெதுவாகத்தான் தேயும், ஒயில் மட்டமும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். சில மாதத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால், ஒயில் எங்கோ வெளியே போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாட் தேயாததால் சில்லைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் காரணம் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில் பாட்டை அழுத்தும் கலிப்பரின் பின்னில் (pin, அது நகரும் தண்டு) கறள் பிடிக்கிறது, ட்ரம்முக்குள் (கிண்ணம் போன்ற பிறேக்) கிரவல் புழுதி அடைகிறது, ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்குத் திரும்பத் திறந்தது 2025இல். அதனால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஓடுகிற அக்வா, பிரியஸ், அக்சியோ, வெசல், ஃபிட், வாகன் ஆர் பெரும்பாலும் பழைய வண்டிகள். இந்த வயதில்தான் மேலே சொன்ன மூன்றும் தலை காட்டும்.

உங்கள் காரில் எந்தப் பிறேக்?

இதைத் தெரியாமல் பொனற்றைத் திறக்க வேண்டாம். டொயோட்டாவின் பிரியஸ், அக்வா, அக்சியோ ஹைபிரிட் மூன்றிலும் இருப்பது மின்னணுப் பிறேக். எஞ்சினின் உறிஞ்சலால் காலின் பலத்தைக் கூட்டும் வெற்றிடப் பூஸ்டர் இல்லை. மின்பம்ப் ஒன்று ஒயிலை அழுத்தி, நைதரசன் வாயு அடைத்த ஒரு சேமிப்புக் குடுவைக்குள் வைத்திருக்கும். அக்கியூமுலேற்றர் என்பது இதுதான். பெடலை மிதித்ததும் கணினி உங்கள் காலின் பலத்தை அளந்து, மோட்டர் எவ்வளவு பிடிப்பது, பாட் எவ்வளவு பிடிப்பது என்று பங்கு பிரிக்கும்.

ஹொண்டாவில் ஃபிட் ஜிபி5, வெசல், கிறேஸ் ஆகியவற்றில் மோட்டர் ஒன்று சிலிண்டரைத் தள்ளும் வேறு வகை மின்பிறேக் உண்டு. முந்திய ஃபிட் ஜிபி1, சுசுக்கி வாகன் ஆர் இரண்டிலும் பழைய வெற்றிடப் பூஸ்டர்தான். அவற்றின் பிறேக்கைச் சாதாரணக் காரைப் போலவே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்திப் பெடலை நாலைந்து தரம் பலமாக மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கட்டையாக நின்றால் வெற்றிடக் குழாயையும் அதன் வால்வையும் பார்க்க வேண்டும்.

ஒயில் மட்டம் பார்க்கும் முறை

டோர்ச் லைற், பஞ்சு பறக்காத சுத்தமான துணி, கையுறை, ஒரு வாளி தண்ணீர் இவ்வளவும் போதும். தண்ணீர் எதற்கென்றால், பிறேக் ஒயில் பெயின்றைக் கரைக்கும். சிந்தினால் துடைப்பதோடு விடாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். முற்றத்து மணலில் ஒரு பக்கம் புதைந்து நின்றால் மட்டம் பொய் சொல்லும். பார்க் கியரில் போட்டு, ஹான்ட் பிறேக்கைப் பிடித்து, பவர் சுவிட்சை முற்றாக அணையுங்கள். எஞ்சின் சத்தம் இல்லை என்பதற்காகக் கார் அணைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ரெடி லைற் எரிந்தால் எஞ்சின் எந்த நேரமும் தானாக ஓடத் தொடங்கும், கைக்கு ஆபத்து. ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொட வேண்டாம்.

பிறேக் ஒயில் போத்தல் வலது பக்கம், ஓட்டுநர் இருக்கைக்கு நேர்முன்னே, கண்ணாடியின் அடியோரமாக இருக்கும். பிரியஸில் அது உள்ளே ஒதுங்கி நிற்பதால் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் கோடுகள் தெரியும். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்கான கூலன்ற் போத்தலும் எஞ்சின் பகுதியில் உண்டு. டொயோட்டாவில் அந்தக் கூலன்ற் ரோஸ் நிறம். பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது தண்ணீர் போலவோ இளந்தேன் போலவோ இருக்கும். மூடியில் எழுதியிருப்பதை வாசித்து உறுதிசெய்த பிறகே அடுத்த வேலை.

மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே மட்டத்தைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் நின்றால் சரி. மின்னணுப் பிறேக் உள்ள டொயோட்டாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார் நெடுநேரம் நின்றால் அக்கியூமுலேற்றரின் அழுத்தம் தளர்ந்து, அதற்குள் இருந்த ஒயில் போத்தலுக்குத் திரும்பும், மட்டம் உயரும். கதவைத் திறந்ததும் பம்ப் ஓடி ஒயிலை இழுத்தால் மட்டம் தாழும். காலையில் பார்த்ததையும் ஓடிவந்து பார்த்ததையும் ஒப்பிட்டு ஒயில் குறைகிறது என்று பயப்பட வேண்டாம். எப்போதும் ஒரே நிலையில் பாருங்கள். ஓடி முடித்துப் பவரை அணைத்த சற்று நேரத்தில் பார்ப்பது வசதி. போத்தலில் சிறு துண்டு டேப் ஒட்டி, மட்டத்தையும் திகதியையும் குறித்து வைத்தால் அடுத்த மாதம் ஐயம் இராது.

கீழ்க் கோட்டுக்கு மேலே நிற்கும்வரை ஊற்ற வேண்டாம். மேல் கோடு வரை நிரப்பி வைத்தால், அழுத்தம் தளரும்போதோ புதுப் பாட் போட்டுப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போதோ ஒயில் பொங்கி வழியும்.

ஊற்றத்தான் வேண்டும் என்றால்: மூடியைச் சுற்றியுள்ள புழுதியை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு திறவுங்கள். ஏ9 பெருவீதியை விட்டு இறங்கிக் கிரவல் வீதியில் ஓடிய காரில் இந்த ஒரு செயலைத் தவறவிட்டால் மணல் நேரே வால்வுக்குள் போகும். மூடியில் எழுதிய வகையையே ஊற்றுங்கள். டொயோட்டாவுக்கு டொட் 3. ஹொண்டாவுக்கு டொட் 3 அல்லது டொட் 4. சிலிக்கனால் செய்த டொட் 5 எதற்கும் ஆகாது. சீல் உடைக்காத புதுப் போத்தலை மட்டும் பாவியுங்கள். கராஜ் தட்டில் மூடி திறந்து கிடந்த அரைப் போத்தலை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

எஞ்சின் ஒயிலோ கியர் ஒயிலோ தவறி ஒரு சொட்டு விழுந்தாலும் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், கதவைத் திறந்து பம்பை எழுப்பவும் வேண்டாம். கனிம எண்ணெய் பட்டால் பிறேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். மூடியின் உள்ளேயுள்ள ரப்பர் வீங்கி நெளிந்திருந்தால் யாரோ முன்பே இந்தப் பிழையைச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் காரை வாங்க நினைத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒயிலின் வயது

டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4இல் இவை 230, 155. நிறத்தை வைத்து ஈரத்தைச் சொல்ல முடியாது. கறுத்த ஒயில் ரப்பர் தேய்வதைக் காட்டும், தெளிந்த ஒயிலிலும் ஈரம் நிறைய இருக்கலாம். பேனை போன்ற ஈரமானி கராஜில் இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். முழுதாக மாற்ற ஒரு லீற்றர் வாங்கினால் போதும்.

வன்னி சமதரை என்பதால் கெட்ட ஒயில் வருடக்கணக்கில் காட்டிக்கொடுக்காது. அதே காரில் குடும்பத்தோடு நுவரெலியா போகும்போதுதான் பிரச்சினை வரும். நெடிய இறக்கத்தில் பெரிய பற்றரி நிரம்பிவிடும், மோட்டர் பிடிப்பதை நிறுத்தும், முழுச் சுமையும் பாட்டின் மேல் விழும். ஈரம் குடித்த ஒயில் அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகும். மலைக்குப் போகுமுன் ஒயிலின் வயதைப் பாருங்கள். டொயோட்டாவில் இறக்கத்தில் ‘டி’யை விட்டு எஞ்சின் பிறேக் கியரில் (‘B’) போட்டு இறங்குங்கள்.

ஒழுக்கைத் தேடுதல்

மட்டம் உண்மையாகவே இறங்கியிருந்தால், ஒவ்வொரு சில்லின் உட்பக்கத்தையும் டோர்ச்சால் பாருங்கள். ரயரின் உள்விளிம்பில் ஈரம், ட்ரம்மின் அடியில் புழுதியோடு குழைந்த கறுப்புப் பசை, ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் மூட்டில் கசிவு இவைதான் முதல் இடங்கள். அக்வாவிலும் அக்சியோவிலும் பின்னால் ட்ரம். அங்கே உள்ளிருக்கும் சிலிண்டர் சீல் போனால், ஒயில் ட்ரம்முக்குள் உராயும் லைனரை நனைத்த பிறகே வெளியே தெரியும். கடைசியாக உள்ளே குனிந்து, பெடலுக்கு மேலே தடவிப் பாருங்கள். விரலில் வழுவழுப்பு ஒட்டினால் பூஸ்டர் பக்கத்திலிருந்து கசிகிறது. இந்த இடத்தைப் பலரும் பார்ப்பதே இல்லை.

எதிலும் ஈரம் இல்லை, மட்டம் மட்டும் இறங்கியிருக்கிறது என்றால் இப்போது பாட்டை அளக்கலாம்.

காதும் கையும் போதும் சோதனைகள்

மின்னணுப் பிறேக் உள்ள டொயோட்டாவில் பம்பின் சத்தம்தான் மிகச் சரியான நாடி. அமைதியான முற்றத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காருங்கள். பவர் போட்டதும் பம்ப் ‘ஸ்ஸ்’ என்று ஓடிச் சில விநாடியில் நிற்க வேண்டும். பெடலைத் தொடாமல் இரண்டு நிமிடம் இருங்கள். நல்ல வண்டியில் பம்ப் திரும்ப ஓடாது. தொடாமலே அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் வால்வு உள்ளே ஒழுகுகிறது, அழுத்தம் தங்கவில்லை. பிறகு பெடலை மெதுவாக மிதித்து விடுங்கள். இரண்டு மூன்று தரம் மிதித்த பின்பே பம்ப் ஓடினால் அக்கியூமுலேற்றர் நலம். ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் ஓடினால் நைதரசன் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். இந்தச் சத்தம் மஞ்சள் லைற் எரிவதற்கு வெகுகாலம் முன்பே கேட்கத் தொடங்கும். மாதம் ஒருமுறை கேட்பவர் நடுவீதியில் நிற்கமாட்டார்.

2010 வகைப் பிரியஸில் இந்தக் குடுவையின் உள்ளே வெடிப்பு ஏற்பட்டு நைதரசன் ஒயிலில் கலப்பதாகக் கண்டு, டொயோட்டா 2013 ஜூனில் அவற்றைத் திருப்பி அழைத்தது. யப்பானிலிருந்து பழையதாக வந்த வண்டியில் அந்த வேலை செய்யப்பட்டதா என்பதைச் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து விசாரியுங்கள்.

அடுத்தது சூடு. ஏ9இல் போகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிறுத்துவார்கள். தேங்காய் உடைக்கப் போகுமுன் நாலு சில்லையும் சுற்றி வந்து, தொடாமல் கையை றிம்முக்கு அருகே பிடித்துப் பாருங்கள். ஹைபிரிட் காரில் சமதரை ஓட்டத்துக்குப் பிறகு சில்லுகள் பெரிதாகச் சூடேறக் கூடாது. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தக் கலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எரிபொருள் கூடுதலாகக் குடிப்பதும் அதனால்தான் இருக்கும்.

மூன்றாவது நியூட்ரல் சோதனை. முன்னும் பின்னும் வாகனமோ மாடோ இல்லாத நேர்வீதியில், 40 கிலோமீற்றர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி மிதமாக மிதியுங்கள். நியூட்ரலில் மோட்டர் பிடிக்காது, பாட் மட்டுமே வேலை செய்யும். கார் ஒரு பக்கம் இழுப்பது, பெடல் நடுங்குவது, டிஸ்க் உராய்வது என்று இதுவரை மோட்டர் மறைத்து வைத்த எல்லாம் இப்போது வெளியே வரும். ‘டி’யில் சரியாகவும் நியூட்ரலில் பிழையாகவும் நின்றால் கோளாறு சில்லில்தான். கணினியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இதையே பராமரிப்பாகவும் செய்யலாம். மாரி மழையில் டிஸ்க்கில் செங்கறள் படியும். சாதாரணக் காரில் இரண்டு மூன்று மிதியில் அது போய்விடும். ஹைபிரிட்டில் போகாமல் தங்கித் தங்கி டிஸ்க்கைக் குழி விழுத்திவிடும். வாரத்துக்கு நாலைந்து தரம் நியூட்ரலில் பிறேக் பிடித்தால் டிஸ்க் துடைபடும். வெள்ளம் பாயும் வீதியைக் கடந்து ஏறிய உடனேயும் அப்படிச் செய்யுங்கள். நனைந்த லைனரை மோட்டர் மறைத்துவிடும், மாடு குறுக்கே பாயும்போதுதான் அது தெரியவரும்.

லைற்கள் சொல்வது

சிவப்புப் பிறேக் லைற் எரிந்து, ஹான்ட் பிறேக்கும் இறங்கியிருந்தால் ஒயில் குறைவு அல்லது அழுத்தக் குறைவு. பஸ்ஸரும் சேர்ந்து ஒலித்தால் உடனே ஓரம் கட்டுங்கள். மஞ்சள் லைற், மோட்டர் பிடிக்கும் பகுதியிலோ மின்னணுக் கட்டுப்பாட்டிலோ பிழை என்று சொல்கிறது. அதற்குக் கோட் (கணினி பதிந்து வைத்திருக்கும் கோளாறு இலக்கம்) பார்க்க வேண்டும். மலிவான சிறு ரீடர்கள் எஞ்சின் கோட்டைத்தான் வாசிக்கும். பிறேக் கோட்கள் ‘சி’யில் தொடங்கும். அவற்றை வாசிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா என்று கராஜுக்குப் போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள்.

டொயோட்டாவில் சி1241 வந்தால் 12 வோல்ற் பற்றரியின் மின் குறைவு. வேறு எதையும் கழற்றுமுன் இதைத் தீர்க்க வேண்டும். கார் அணைந்து ஓய்ந்திருக்கும்போது பற்றரியில் 12.4 முதல் 12.6 வோல்ற் இருக்க வேண்டும், ரெடியில் 14 வோல்ற்றை ஒட்டி நிற்க வேண்டும். பற்றரி தளர்ந்தால் பிறேக் பம்ப் திணறும், லைற்கள் வரிசையாக எரியும். இலட்சக்கணக்கில் செலவாகும் அக்சுவேற்றரை (பிறேக் வால்வுகள் அடங்கிய பாகம்) மாற்றச் சொன்னால், முதலில் வோல்ற்மீற்றரைக் கையில் எடுங்கள்.

சி0200, சி0205 முன் வலது, இடது சில்லு வேக சென்சர்கள். பின்னுக்கு சி0210, சி0215. வயலோரம் நிறுத்தும் காரில் எலி வயரைக் கடிப்பதும், காய்ந்த சேறு சென்சர் முனையை மூடுவதும்தான் இங்கே அதிகம். கழுவி, வயரைத் தடவிப் பார்த்த பிறகே புதுச் சென்சர் வாங்குங்கள். சி1252, சி1256, சி1391 பம்ப், அக்கியூமுலேற்றர் பக்கத்தைக் காட்டும். மேலே சொன்ன சத்தச் சோதனையும் அதையே சொன்னால் தீர்ப்பு உறுதி.

லைற் எதுவும் எரியாமல், குழியில் விழும் கணத்தில் பிறேக் நழுவியது போலத் தோன்றலாம். சில்லு துள்ளியதும் கணினி மோட்டரை விலக்கிப் பாட்டிடம் பொறுப்பைக் கொடுக்கிறது, அந்தக் கைமாற்றம் காலுக்குத் தெரிகிறது. பிரியஸில் இது அளவுக்கு மிஞ்சி இருந்ததால் 2010 பெப்ரவரியில் டொயோட்டா மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. அப்படித் தோன்றினால் காலை எடுக்காமல் இன்னும் அழுத்துங்கள்.

பிறேக் பிடிக்கும்போது பெரிய பற்றரி முன்போல ஏறவில்லை என்றால் பின் இருக்கைப் பக்கமுள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். புழுதி அடைத்துப் பற்றரி சூடானால் மோட்டர் பிடிப்பதைக் கணினி குறைத்துவிடும்.

சில்லைக் கழற்றும்போது

மின்னணுப் பிறேக்கில் கதவு திறந்தாலே பம்ப் எழும்பலாம். கலிப்பருக்குள் விரல் இருக்கும்போது பிஸ்டன் வெளியே பாயும். ஆகவே பவரை அணைத்து, ஸ்மார்ட் கீயைத் தூரப்படுத்தி, சில நிமிடம் விட்டு, 12 வோல்ற் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். 2015 வரையான பிரியஸில் அது பின் டிக்கியின் வலது பக்கம், அக்வாவில் பின் இருக்கையின் வலதுபக்க அடியில். பிரியஸின் டிக்கி மின்சாரத்தில் திறப்பது. வயரைக் கழற்றிவிட்டு அதை மூடிவிடாதீர்கள்.

கிரவல் தரையில் ஜாக் புதையும். அடியில் தடித்த பலகை வையுங்கள், மற்றச் சில்லுகளுக்குக் கல் அணைகொடுங்கள், ஸ்டான்ட் வைக்காமல் காருக்கு அடியில் கை விட வேண்டாம்.

பாட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். அதைவிட முக்கியமாக உள்பாட்டையும் வெளிப்பாட்டையும் ஒப்பிடுங்கள். 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கலிப்பர் பின் இறுகிவிட்டது. அந்தப் பின் (pin) விரலால் தள்ளினாலே அசைய வேண்டும். பழைய கிறீஸை முற்றாகத் துடைத்து, கறளை நைசான தாளால் எடுத்து, பிறேக்குக்கான சிலிக்கன் கிறீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சில்லு பெயரிங்குக்குப் போடும் கிறீஸ் ரப்பரை ஊதவைக்கும். முல்லைத்தீவு, மன்னார், பூநகரிக் கரையோரத்தில் உப்புக்காற்று படும் கார்களுக்கு இதை வருடம் தவறாமல் செய்ய வேண்டும். பாட்டில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று தள்ளிப்போடுவதால்தான் கலிப்பர்கள் வீணாகின்றன.

பிஸ்டனைத் தள்ளுமுன் போத்தல் மட்டத்தைப் பாருங்கள், மேல் கோட்டை நெருங்கினால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். சில்லு நட்டுகளை டொயோட்டாவில் 103, ஹொண்டாவில் 108 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். பற்றரியைப் பூட்டியதும், கார் அசையுமுன் பெடல் கெட்டியாகும்வரை மெதுவாக மிதியுங்கள்.

கராஜுக்கு விட வேண்டிய வேலை

ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்று எடுக்கும் பழைய முறை வாகன் ஆருக்கும் ஜிபி1க்கும் சரி. மின்னணுப் பிறேக்கில் பின் சில்லுகளுக்கு ஒயிலைத் தள்ளுவது பம்ப். அதை ஸ்கேனர் மூலம் இயக்கி, சொன்ன ஒழுங்கில் காற்றை எடுக்க வேண்டும். அக்சுவேற்றர் மாற்றினால் வால்வுகளுக்கு அளவு பழக்கும் வேலையும் ஸ்கேனரில் உண்டு. “ஸ்கேனரால்தான் காற்று எடுப்பீர்களா, ஒயில் சீல் போத்தலா, வேலை முடிந்ததும் கோட் அழித்துத் திரும்ப வாசித்துக் காட்டுவீர்களா?” இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் இடத்தில் காரைக் கொடுங்கள். கிட்ட இல்லாவிட்டால் தூரப் போவதே நல்லது.

ஓடும்போது பஸ்ஸர் ஒலித்தால்

பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டாம். அக்கியூமுலேற்றரில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் ஒவ்வொரு மிதியிலும் செலவாகும். ஒரே மிதியாக, விடாமல், வேண்டுமானால் இரண்டு காலாலும் அழுத்துங்கள். அழுத்தம் தீர்ந்தால் உங்கள் கால்பலம் மட்டுமே ஒயிலைத் தள்ளும். பெடல் கல்லாக இருக்கும், ஆனாலும் பிடிக்கும். ஹான்ட் பிறேக்கை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். நின்றதும் காரைத் தட்டையான லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். முன் சில்லு தரையில் உருளக் கயிறு கட்டி இழுத்தால் மோட்டர் மின் உற்பத்தி செய்து வேறு பாகங்களையும் கெடுக்கும். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவே இரவில் நிற்க நேர்ந்தால், ஹசார்ட் லைற்றைப் போட்டு, முக்கோணத்தைப் பின்னால் தூரமாக வைத்து, காருக்கு வெளியே வீதியோரம் ஒதுங்கி நில்லுங்கள்.